அவள் பீங்கானுக்குப் போன சோறு

சுகாதாரப் பகுதியினர் எங்கள் பாடசாலைக்கு வந்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களின் விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். நான் வரிசையில் கடைசி ஆள். அந்தப் பாடசாலையின் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். காலையில் கதிரையில் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழும்புவேன். இடைவேளைக்கு இரண்டு பணிஸும் சீனி கூடின தேத்தண்ணியும் மேசைக்கே வந்துவிடும். என் விரலைப் பிடித்த தாதி கருவியைப் பார்த்தார், என் வயிற்றையும் ஒருதரம் பார்த்தார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துச் சரியாகப் பார்த்துக்கொள்ளும்படி துண்டு எழுதித் தந்தார்.

அதன் முடிவை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். என்னைவிட இளையவர், எங்கள் பக்கத்து ஆள். "இன்னும் சீனி வருத்தம் வரல்ல. ஆனா வாசல்ல வந்து நிக்கிது," என்றார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், சோற்றையும் பாணையும் பாதியாகக் குறைக்க வேண்டும், மரக்கறியும் மீனும் முட்டையும் கூட வேண்டும், பின்னேரங்களில் நடக்க வேண்டும் என்று சொன்னார். என் வாப்பா சீனி வருத்தத்தில் ஒரு காலை இழந்து, இரண்டு வருடம் கட்டிலில் கிடந்து மவுத்தானவர். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"வீட்டுல வேற ஆருக்கும் சீனி இருந்திருக்கா?" என்று பிறகு கேட்டார்.

"இல்ல டொக்டர்," என்றேன்.

அது உண்மையில்லை. எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது என் மனைவிக்குச் சீனி இருந்தது. ஆறாம் மாதத்திலிருந்து மருத்துவமாது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டார். பிள்ளை பிறந்தபின், இது இப்போது போய்விடும், ஆனால் என்றைக்காவது திரும்பி வரப் பார்க்கும், வருடத்துக்கு ஒருதரமாவது இரத்தம் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது என்னிடம்தான். முதல் வருடம் பார்த்தோம். ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் பதினாறு வருடம் பார்க்கவேயில்லை. டொக்டர் கேட்ட அந்த நொடியில் இது என் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அது பிள்ளைத்தாய்ச்சிக் காலத்துச் சங்கதி, முடிந்துபோனது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது என் கால்களைப் பற்றித்தான் பயம்.

தில்லையடியில் எங்கள் வீட்டில் மூன்று பேர்தான்: நான், அவள், உயர்தர வகுப்பில் படிக்கும் மகள். அன்று வீட்டுக்கு வந்து டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அரிவாள்மனைக்கு முன்னால் இருந்து கங்குன் கீரை அரிந்துகொண்டே கேட்டாள். எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாம் கேட்டு முடித்தபின், கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அப்ப இருந்திச்சே. நானும் ஒருக்காப் பாக்கட்டா?" என்றாள்.

"உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கிறாய். மொதல்ல என்ட பாடு முடியட்டும், பொறகு பாப்பம்," என்றேன்.

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

டொக்டர் குறைக்கச் சொன்னதை நான் அடியோடு நிறுத்தினேன். கைபேசியில் யார் யாரோ பேசியதைக் கேட்டுச் சோறு, பாண், இடியப்பம், ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டேன். காலையில் இரண்டு முட்டையும் முருங்கை இலைச் சுண்டலும், பகலில் மீனும் இரண்டு மரக்கறியும், பின்னேரம் ஒரு பிடி கச்சான் கடலை. இதையெல்லாம் செய்தவள் அவள். முருங்கை இலையை உருவி எடுக்கவே அரை மணித்தியாலம் போகும். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று அடுப்படியில் அவளுக்கு வேலை இரட்டிப்பாகியது. நான் அதைக் கவனித்தேன் என்று சொல்ல முடியாது. என் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

அது எல்லாப் பொருளும் விலை ஏறிக் கிடந்த காலம். உடப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிவரும் மீன்காரர் எங்கள் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடித்தால், முன்பு வெளியே வருகிற வீடுகளில் பாதிதான் வந்தன. நாங்கள் பெரும்பாலும் ஒரு நடுத்தரப் பாரை மீன் வாங்குவோம். முன்பெல்லாம் அதை ஆறு துண்டாக்கினால் ஆளுக்கு இரண்டு. இப்போது நாலு எனக்கு, இரண்டு மகளுக்கு. "எனக்கு ஆணம் போதும்," என்று குழம்பை மட்டும் எடுத்துக்கொள்வாள் அவள். மீன் ஆணத்தில் மீனைவிட ஆணம்தான் ருசி என்றும் சொல்வாள். முட்டையும் அப்படித்தான். எனக்கு இரண்டு, படிக்கிற பிள்ளைக்கு ஒன்று.

சோற்றுப் பானை மட்டும் சுருங்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே தகரச் சுண்டால் அளந்து அரிசி போட்டுப் பழகிய கை, அதைக் குறைக்கவில்லை. ஒருவேளை நான் மனம் மாறிச் சோறு கேட்பேன் என்று நினைத்தாளோ தெரியாது. சோற்றை வீசுவது அவளுக்குப் பாவம். நானும் மகளும் சாப்பிட்டு எழும்பியபின், தன் பீங்கானில் தன் பங்கையும் என் பங்கையும் போட்டு, ஆணத்தை ஊற்றிக் கொஞ்சம் சம்பலோடு சாப்பிடுவாள். மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை அதையே சாப்பிடுவாள். இல்லாவிட்டால் பாணும் சீனி போட்ட பிளேன்டீயும். நான் தொடாத சோறு எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால்தான் போனது.

மூன்று மாதத்தில் என் இரத்தத்தில் சீனி இறங்கியது. இடுப்புப்பட்டியில் புதிதாக இரண்டு துளை போட்டேன். ஆசிரியர்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். அதிபர் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொன்னார். மைக் பிடித்துப் பழக்கமில்லாத எனக்கு அது பெரிய காரியம். சோற்றைப் பற்றியும் பாணைப் பற்றியும், சீனி வருத்தத்தின் அடையாளங்களைப் பற்றியும் பேசினேன். கடைசியில், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் ஒருதரம் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப் பிரசுரத்தில் இருந்த வசனம் அது. பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், என் மனைவி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது, "நல்லாத்தான் பேசினீங்க," என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வெறும் பாராட்டாகவே இருந்திருக்கலாம். அவளிடம் அதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

முதலில் அவள் கொஞ்சம் பருத்தாள். பிறகு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மெலியத் தொடங்கினாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்னைப் பார்த்து அவளும் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னேன். அவள் குறைக்கவில்லை என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். மனிதன் தன் கண்ணால் பார்ப்பதையும் நம்பாமல் இருக்க முடியும் என்பதற்கு நானே ஆதாரம்.

குர்ஆன் ஓதும்போது எழுத்து கலங்குகிறது என்றாள். வயது போகிறது என்று சொல்லி, நகரத்தில் நடைபாதைக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பகலில் களைத்துப் படுத்தாள். வெக்கை என்றேன். எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலோடு போனாள். களப்புப் பக்கமிருந்து உப்புக் காற்று அடிக்கிற காலம், எல்லாருக்கும்தான் தாகம் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. சீனி வருத்தத்தின் அடையாளங்களை ஊர்ப் பெற்றோர் முன் ஒன்றுவிடாமல் சொன்னவன் நான்.

பிறகு நோன்பு வந்தது.

பதினேழாவதோ பதினெட்டாவதோ நோன்பு. பாடசாலை விடுமுறை என்றாலும் கல்விப் பணிமனையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்து, பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்கதவு சாத்தியிருந்ததால் பின்பக்கத்தால் போனேன். அடுப்படியில், கதவின் மறைவில், ஒரு பலகைக்கட்டையில் அவள் இருந்தாள். பெரிய பிளாஸ்டிக் சாடியை இரண்டு கையாலும் தூக்கி மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நாடியில் வழிந்து சட்டையை நனைத்தது. அது அவளுக்கு நோன்பு விடக்கூடிய மாதவிலக்கு நாள் அல்ல என்று எனக்குத் தெரியும். அன்று காலை என்னோடுதான் தொழுதாள்.

என்னைக் கண்டதும் சாடியைக் கீழே வைத்தாள். எழும்பவில்லை.

"வளந்த புள்ள ஒண்டு வீட்டுல இருக்கு. நீ அடுப்படிக்குள்ள ஒளிச்சிருந்து தண்ணி குடிக்கிறாய்," என்றேன்.

"தொண்ட ஒட்டுது. ஏலாமப் போச்சு."

"எனக்கும்தான் ஒட்டுது. நான் விடியச் சகருக்கும் சோறு இல்லாமத்தான் புடிக்கிறன். உனக்கு வயிறு முட்டத் திண்டும் ஏலாதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. முந்தானையால் நாடியைத் துடைத்துவிட்டு எழும்பிப் போய், சாடியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள்.

வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்கு என்ன செய்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காமல் விட்டதைவிட, நான் சொன்ன அந்தக் கடைசி வசனம்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. வயிறு முட்டத் திண்டும். அவள் தின்றது நான் ஒதுக்கியதை.

அதன்பின் அவள் நோன்பை விடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த உடம்போடு இன்னும் எட்டு நோன்பு பிடித்தாள். சகருக்கு எழும்பிச் சமைத்தாள், நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சினாள், பள்ளிவாசலுக்கும் ஒரு சட்டி அனுப்பினாள். நோன்பு திறந்தால் பேரீச்சம்பழமும் சர்பத்தும் கஞ்சியுமாகக் குடித்துக்கொண்டே இருந்தாள். நான் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் ஓங்காளித்துச் சத்தியெடுத்தாள். மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள். நான் வரும்போது சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், பேச்சுக் குழறியது. மகள் தண்ணீர் பருக்கினாள். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நோன்பு முறிந்துவிட்டதே என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

விரலில் குத்தியபோது கருவியில் இலக்கம் வரவில்லை. அதற்கு அளக்க முடியாத அளவு கூடுதல் என்றார்கள். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றி, இன்சுலின் கொடுத்தார்கள். உடம்பில் இருந்த நீர் முழுக்க வற்றிவிட்டதாகவும், இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் சொல்ல முடியாது என்றும் வார்ட்டில் நின்ற பெண் டொக்டர் சொன்னார். சிங்களவர், தமிழை நிதானமாகத் தேடித் தேடிக் கதைத்தார். மறுநாள் காலை மனைவி தெளிந்திருந்தபோது, எத்தனை நாளாகத் தாகம் என்று கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நோன்புதானே டொக்டர். தாகம் இருக்கும்தானே," என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பிள்ளை வயிற்றில் இருந்த நேரம் சீனி இருந்ததா என்று டொக்டர் அடுத்துக் கேட்டார். ஓம் என்றாள். டொக்டர் பேனையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்பிடி இருந்தா வருசா வருசம் பாக்கணும் என்று சொல்லி இருப்பாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெருநாள் அங்கேதான். மகள் வட்டிலப்பம் செய்யவில்லை, நான் புதுச் சட்டை போடவில்லை. வீட்டுக்கு வந்தபின் முதல் சில மாதம் ஊசி, பிறகு குளிசை. நான் என் முறையிலேயே அவளுக்கும் ஒரேயடியாகச் சோற்றை நிறுத்தப் பார்த்தேன். குற்ற உணர்ச்சியில் அப்போது எனக்கு ஒரு வெறி பிடித்திருந்தது. கிளினிக்கில் இருந்த தாதிதான் தடுத்தார். ஊசி போடுகிறவர் திடீரென்று மாச்சத்தை விட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும், மருந்தையும் சாப்பாட்டையும் டொக்டரிடம் கேட்டுச் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு சின்னக் கோப்பையைக் காட்டி, ஒரு வேளைக்கு இந்த அளவு சோறு, பீங்கானில் பாதி மரக்கறி, உள்ளங்கை அளவு மீன் என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கும் அதே அளவுதான் போதும் என்றார். முதல் டொக்டர் எனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு பேரும் ஒரே பானையில், ஒரே சமையலில் சாப்பிட்டிருக்கலாம்.

மூன்று பேருக்கும் மீன் சரியாகப் பங்கு வர வேண்டும் என்று இப்போது அதிகமாகச் சூடை, சாளை என்று சின்ன மீன்தான் வாங்குகிறேன். விலையும் குறைவு. சுத்தம் செய்கிற வேலை என்னுடையது. முருங்கை இலை உருவுவதும் நான்தான். இதையெல்லாம் செய்தால் ஏதோ கழிந்துவிடும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். கழியவில்லை. இடது கண்ணின் உள்ளே இரத்தக் கசிவு இருந்ததென்று கண் டொக்டர் சொன்னார். இரண்டு தரம் லேசர் அடித்தார்கள். சிறிய எழுத்து அவளுக்கு இனித் தெளியாது. பெரிய எழுத்துக் குர்ஆன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அதில் ஓதுகிறாள்.

ஒருநாள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அன்று நோன்பில் சொன்னதற்கு மாப்புக் கேட்டேன். எத்தனையோ மாதம் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. அவள் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"மாப்புச் செஞ்சிட்டன். அது எப்பவோ செஞ்சது," என்றாள். "ஆனா மறந்திட்டன்டு சொன்னா அது பொய். நீங்க சொன்னது அடிக்கடி காதுல கேக்குது. நான் வேணுமெண்டு நினைக்கிறல்ல. தன்னால வருது."

நான் சரி என்றேன். அவள் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால், எனக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காக அவளை மறுபடி அந்த அடுப்படிக்குக் கொண்டுபோவது போலாகும்.

மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. போவதற்கு முந்திய வாரம் அவளை இரத்தம் பார்க்கக் கூட்டிப்போனேன். வாப்பாவுக்குச் சீனி வாசலில், உம்மாவுக்கு வீட்டுக்குள். இரண்டு பக்கத்து இரத்தமும் அவளுக்கு. அவள் பத்தொன்பது வயதுக்காரி, மெலிந்த உடம்பு, தனக்கு எதுவுமில்லை என்று சிரித்தாள். ஆனாலும் வந்தாள். முடிவு நல்லதாகவே இருந்தது. விடுதியில் மூன்று வேளையும் சோறும் பாணும் பிஸ்கட்டுமாக இருக்காமல், கடலையும் முட்டையும் வாங்கிச் சாப்பிடு, வருடத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே ஓட்டோவுக்காக நின்றபோது அவள் திடீரென்று கேட்டாள். கோபமில்லை, குத்தலும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வாப்பா, நீங்க உங்களுக்குப் பாத்த நேரமே உம்மாவையும் ஏன் கூட்டிட்டு வரல்ல?"

எனக்குப் பல காரணங்கள் வாயில் வந்தன. வேலை இருந்தது, அவள் உம்மா நன்றாக இருந்தாள், எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு என்ட நினைப்புத்தான் இருந்திச்சு மகள்," என்றேன். "உம்மாட நினைப்பு வந்தும் ஒதுக்கிட்டன்."

அவள் ஊசி குத்திய இடத்தில் வைத்திருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். இரத்தம் நின்றிருந்தது. ஓட்டோ வந்தது, ஏறினோம். வீடு வரும்வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.